தொழுகைக் கணக்கு யார் கையில்?

காலையில் நஃப்ஸோடு (தன் மனத்தோடு) ஓர் உடன்பாடு, பகலில் கண்காணிப்பு, முடிவில் கணக்குப் பார்ப்பு. கூட்டு வியாபாரியிடம் கணக்குக் கேட்பதுபோல நஃப்ஸிடமும் கேட்கச் சொன்னார் ‘இஹ்யா உலூமுத்தீன்’ எழுதிய இமாம் கஸ்ஸாலி. முஹாஸபா எனும் அந்தச் சுயகணக்கைக் கைபேசிக்குள் கொண்டுவரப் பார்க்கின்றன இன்றைய செயலிகள். அவற்றில் ‘முஸ்லிம் புரோ’வும் ‘பில்லர்ஸ்’உம் இரு துருவங்கள்.

2010இல் சிங்கப்பூரில் பிறந்த முஸ்லிம் புரோவில் பாங்கு, கிப்லா, குர்ஆன், தொழுகைப் பதிவு எல்லாம் உண்டு. இலவசப் பதிப்பில் விளம்பரமும் உண்டு. பில்லர்ஸில் விளம்பரம் கிடையாது. நேரமும் பதிவும்தான் அங்கே முதன்மை.

எந்தச் செயலியானாலும் முதலில் திறக்க வேண்டியது அமைப்புகள் பக்கம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது சுபுஹு தொடங்குவதாகக் கொள்வது ஒரு முறை, 15 பாகை என்பது இன்னொன்று. சென்னையில் இது 12 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் தரும். அஸரில் இடைவெளி இன்னும் பெரிது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினத்துக்கும் ஹனஃபி வாணியம்பாடிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதைச் சரிசெய்யாமல் விட்டால், நேரத்தோடு தொழுதவரையும் செயலி தாமதக் கணக்கில் எழுதிவிடும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். மாதவிடாய் நாட்களில் தொழுகை கடமையில்லை, பின்னர் ஈடுசெய்யும் களாவும் இல்லை. விடுபட்ட நோன்பை மட்டும் பிறகு நோற்க வேண்டும். இந்தச் சட்டம் தெரியாத பதிவேடு அந்நாட்களைத் ‘தவறியவை’ என்று சிவப்பில் காட்டும். பில்லர்ஸ் இதற்கெனத் தனி வசதி வைத்திருக்கிறது.

தரவு விஷயம்தான் பெரிய சோதனை. முஸ்லிம் புரோ பயனர்களின் இருப்பிடத் தகவல் ‘எக்ஸ்-மோட்’ என்ற தரவு நிறுவனத்துக்குப் போனதையும், அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ இதழ் வெளிக்கொணர்ந்தது. ராணுவத்துக்கு விற்றதாகச் சொல்வதை மறுத்த முஸ்லிம் புரோ, எக்ஸ்-மோட் உறவை முறித்துக்கொண்டது. தொழுகை நேரத்தைக் கணிக்க ஊர்ப்பெயரே போதும். தெருவரை துல்லியம் தேவையில்லை.

புதிதாகச் செயலி கட்ட நினைப்பவர்கள் பகிர்வுப் பொத்தானையும் தரவரிசைப் பட்டியலையும் முதலிலேயே விலக்கிவிடலாம். பிறர் காணச் செய்யும் வணக்கமான ரியாவுக்கு அவை வாசல். சுபுஹு ஏன் தவறியது என்று எழுத ஒரு வரி இடம், பதிவு கைபேசியிலேயே தங்கும் ஏற்பாடு, வேண்டாதபோது முழுவதையும் அழிக்கும் வசதி — இவை மூன்றும் அவசியம். அப்படியொரு செயலி வரும்வரை, நேரம் பார்க்க எந்தச் செயலியும் உதவும். அன்றாடக் கணக்கெழுத பில்லர்ஸே மேல்.