பழைய போனுக்கு எண்ணத் தெரியும்

நடை எண்ணும் செயலி ஒன்றைப் பழைய ஆண்ட்ராய்டு போனில் போட முயன்றவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். பிளே ஸ்டோரில் தேடினால் உங்கள் போனுக்கு இது பொருந்தாது என்று வரும். எங்கிருந்தோ பழைய பதிப்பு ஒன்றைப் பிடித்துப் போட்டால் திறக்கும், ஆனால் உள்நுழையச் சொன்னதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே நாம் எடுக்கிற முடிவு: "போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்."

அந்த முடிவு எவ்வளவு தூரம் சரி? நடையை எண்ணுவது அவ்வளவு பெரிய வேலையா என்ன? கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

எண்ணுவது யார்?

1965-ல் ஜப்பானில் 'மான்போ-கெய்' என்ற கருவி விற்பனைக்கு வந்தது. பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் போதும், அதுவே எண்ணிக்கொள்ளும். இன்றைக்குப் பெரும்பாலான செயலிகள் நம் முன் வைக்கும் 10,000 என்ற இலக்கின் பூர்வீகம் அந்த விற்பனைப் பெயர்தான். அந்தக் கருவிக்கு இயங்குதளம் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது.

போன்களில் இந்த வேலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியது 2013-ல். அந்த ஆண்டுதான் ஐபோன் 5எஸ், அசைவுகளைக் கவனிக்க எம்7 என்ற தனிச் சில்லோடு வந்தது. ஆண்ட்ராய்டு 4.4-ம், அதோடு வந்த நெக்ஸஸ் 5-ம் அதே ஆண்டுதான். அதற்கு முன்னால் செயலியே அசைவு உணரியை ஓயாமல் படித்துக்கொண்டு இருக்க வேண்டும். போனின் முக்கியச் செயலகம் தூங்கவே முடியாது, பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 4.4-க்குப் பிறகு, அதற்கான சில்லு உள்ள போன்களில், மிகக் குறைந்த மின்சாரத்தில் அந்தச் சில்லே எண்ணுகிறது. செயலி அவ்வப்போது எழுந்து "இப்ப எவ்வளவு?" என்று கேட்டால் போதும்.

சில்லு தருவது போனைக் கடைசியாக ஆன் செய்ததிலிருந்து மொத்தம் எத்தனை அடி என்ற ஒரே எண். அணைத்துப் போட்டால் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆக, செயலி செய்ய வேண்டியது அந்த எண்ணை வாங்கி, முந்தையதைக் கழித்து, தேதி போட்டுச் சேமிப்பது. பத்து வருஷத்துக்கு முந்தைய போனுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. விலை குறைந்த பழைய போன்களில் சில்லு இல்லாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். சில்லு இருக்கும் போனில், எண்ணும் வேலை இன்றைக்கும் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் எது ஓடவில்லை?

ஓடாமல் போவது எண்ணிக்கையைச் சுற்றிக் கட்டிய மற்ற அடுக்குகள். பல செயலிகள் கூகுள் பிளே சர்வீசஸ் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு 4.1 முதல் 4.3 வரையிலான போன்களுக்கு அதன் அப்டேட் 2021-ல் நின்றது, 4.4-க்கு 2023-ல். அடுத்தது பாதுகாப்புச் சான்றிதழ்கள். லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதியானது. புதியது 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களில் இல்லை. மாற்று ஏற்பாடு ஒன்றைச் செய்ததால் அப்போதைக்குச் சமாளித்தார்கள். அது இல்லாமல் போயிருந்தால் ஏராளமான தளங்களை அந்தப் போன்கள் நம்ப மறுத்திருக்கும். அப்படிப்பட்ட போனில் உள்நுழையும் சக்கரம் சுற்றுவதற்குக் கால் கையில் இருக்கும் சில்லு எப்படிப் பொறுப்பாகும்?

கூகுள் ஃபிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்தது. பிற செயலிகள் அதோடு பேசும் வழியை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தார்கள். அதன் இடத்துக்கு வரும் ஹெல்த் கனெக்ட், ஆண்ட்ராய்டு 14-ல் உள்ளேயே இருக்கிறது. 9 முதல் 13 வரை தனிச் செயலியாகப் போடலாம். அதற்குக் கீழே கிடையாது. இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஹெல்த் கனெக்ட் தரவைப் போனிலேயே வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இணையத்தை நம்பாமல் உள்ளேயே சேமிக்கும் வசதி யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பழைய போன்காரருக்குத்தான் அது இல்லை.

மறுபக்கம்

புதிய இயங்குதளங்கள் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆண்ட்ராய்டு 10-க்கு முன்னால் நடை எண்ணிக்கையைப் படிக்க ஒரு செயலி உங்களிடம் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓட்டப் பாதைகளின் தடயம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018 தொடக்கத்தில் ஸ்ட்ராவாவின் உலக வரைபடம் காட்டியது. ஓடியவர்களின் தடங்களை வைத்தே ராணுவத் தளங்களின் வடிவம் தெரிந்துவிட்டது. பின்னணியில் இருக்கும் செயலி இருப்பிடத்தை மணிக்குச் சில முறை மட்டுமே பெறலாம் என்று ஆண்ட்ராய்டு 8 கட்டுப்படுத்தியதில் பேட்டரிக்கும் லாபம், நமக்கும் லாபம்.

பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்பதும் உண்மை. உடல்நிலைத் தரவை அதிலிருந்து இணையத்துக்கு அனுப்புவது நல்ல யோசனை இல்லை. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். இணையமே தேவைப்படாத செயலிதான் பழைய போனுக்குச் சரி என்ற இடத்துக்குத்தானே?

இரண்டு உதாரணங்கள்

2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெபிள் வாட்ச் நினைவிருக்கிறதா? 2016 டிசம்பரில் அதன் மென்பொருளையும் ஆட்களையும் ஃபிட்பிட் எடுத்துக்கொண்டது. 2018 ஜூன் 30-ஓடு சர்வர்கள் நின்றன. கையில் இருந்த வாட்சுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றைக் காப்பாற்றியது ரீபிள் என்ற பயனர் குழுவும், கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூலச் செயலியும். 2015-ல் பெபிளுக்காகத் தொடங்கிய கேட்ஜெட்பிரிட்ஜ் பிறகு மி பேண்ட் போன்றவற்றுக்கும் விரிந்தது. கணக்கு கேட்காது, தரவு போனுக்குள்ளேயே இருக்கும். குறை இல்லாமல் இல்லை. சில புதிய பட்டைகளை இணைக்க, நிறுவனத்தின் சொந்தச் செயலியில் ஒருமுறை கணக்குத் தொடங்கி ஒரு சாவியை எடுத்து வர வேண்டும். சாதாரண ஆளுக்கு அது தலைவலிதான்.

இன்னொன்று, ஜிபிஎஸ் வழியாக ஓட்டப் பாதையைப் பதிவு செய்த கூகுளின் மை டிராக்ஸ். 2016 ஏப்ரலோடு அதை மூடினார்கள். மூல நிரல் ஏற்கெனவே பொதுவில் இருந்ததால் அதிலிருந்து ஓப்பன்டிராக்ஸ் பிறந்தது. அதுவும் புதிய பதிப்புகளில் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டை உயர்த்திக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் சர்வர் என்று எதுவும் இல்லாததால், எஃப்-டிராய்டில் கிடைக்கும் பழைய பதிப்பு அன்றைக்கு ஓடியதுபோலவே இன்றைக்கும் ஓடும். ஃபேஸ்புக் 2014-ல் வாங்கி 2018-ல் மூடிய மூவ்ஸ் செயலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் உயிர் சர்வரில் இருந்தது.

எப்படி மதிப்பிடுவது?

இந்தச் செயலிகளைப் பற்றிய மதிப்புரைகளில் வழக்கமாகத் திரை அழகு, வரைபடம், பேட்ஜ் இவற்றைத்தான் பேசுகிறார்கள். நான் மூன்று கேள்விகளை முதலில் வைப்பேன். இணையத்தை அணைத்துவிட்டால் எண்ணுமா? கணக்கு தொடங்காமல் பயன்படுத்த முடியுமா? சேர்த்த தரவை ஜிபிஎக்ஸ் அல்லது சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடியுமா?

மூன்றாவதுதான் முக்கியம். சர்க்கரை நோய்க்காக நடப்பவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடை பழகுபவர் போன்றவர்களுக்கு ஐந்து வருஷ எண்ணிக்கை வெறும் விளையாட்டு மதிப்பெண் இல்லை. அது அவர்கள் உடம்பின் குறிப்பேடு. பிள்ளைகள் கழித்துப்போட்ட போனை வாங்கிப் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இவர்கள்தான். அந்தக் குறிப்பேடு பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி வேறொரு ஊரில் இருந்தால் அதை அவர்களுடையது என்று சொல்ல முடியாது.

உங்களிடம் பழைய போன் இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதில் உள்ள தரவை எடுத்துவிட்டு, கணக்கு கேட்காத நடை எண்ணி ஒன்றைப் போட்டு, ஏரோபிளேன் மோடில் வைத்து, பையில் போட்டுக்கொண்டு நூறு அடி எண்ணி நடங்கள். திரையில் நூறுக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தால், அந்தப் போனில் பிரச்சினை எதுவும் இல்லை. மாற்ற வேண்டியது செயலியைத்தான்.