ஒட்டகம் கேட்கவில்லை

பாடகர் பிரதீக் குஹாட் பாட்டில் ஒரு குறை சொன்னால் போதும், உடனே ஒபாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். 2019 கடைசியில் அந்த முன்னாள் அதிபர் வெளியிட்ட பிடித்த பாடல்களின் பட்டியலில் 'கோல்ட்/மெஸ்' இருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எலெக்ட்ரா இசை நிறுவனம் குஹாட்டை ஒப்பந்தம் செய்தது. இதற்கு மேல் என்ன பேச்சு என்பது ரசிகர் கட்சி. சென்ற வாரம் என் வீட்டுக் கூடத்திலும் இதே வழக்கு. "உலகத்துக்கே புரியுது, உங்களுக்கு மட்டும் ஏன் பெரியப்பா புரியல?" என்றாள் தம்பி மகள். புரிகிறது. புரிந்துகொள்ள அதில் ஒன்றுமே மிச்சமில்லை என்பதுதான் என் புகார்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். பாட்டென்றாலே சினிமா என்று இருக்கும் நாட்டில் தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, அரங்கு நிறைய ஆள் சேர்ப்பது லேசான காரியமில்லை. கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி வாசிக்கும் நிதானம் அழகு. அழவைப்பதற்காக வயலின் படையைக் கொண்டுவந்து இறக்குவதில்லை. மெட்டுகள் இரண்டாம் முறை கேட்கும்போதே வாயில் ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால் சொற்கள்? 'கோல்ட்/மெஸ்' கேட்டு முடித்தபின் கையில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். இருவர். விட்டுப் போகவும் முடியவில்லை, சேர்ந்திருக்கவும் முடியவில்லை. எந்த ஊர், என்ன மாதம், எதற்காகச் சண்டை, அந்த வீட்டில் சன்னல் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. இதயம், பகல், இரவு, மூச்சு என்று எந்தப் பாட்டிலிருந்தும் கழற்றி எந்தப் பாட்டிலும் மாட்டக்கூடிய சொற்கள். 2020 ஊரடங்கில் வந்த 'கசூர்' இன்னும் நல்ல உதாரணம். அதன் காணொளியில் பலர் எதையோ நினைத்துக்கொள்கிறார்கள், கேமரா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவருக்குச் சிரிப்பு வருகிறது, இன்னொருவருக்குக் கண் கலங்குகிறது. பாட்டில் இல்லாத ஊரும் ஆளும் அந்த முகங்களில் இருக்கின்றன. நம்மை உருக்கியது முகமா பாட்டா என்று ரசிகர்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வெற்றிடம்தான் அவருடைய பலம், அதில் கேட்பவர் தன் காதலை வைத்துக்கொள்ளலாம் என்று இதற்கொரு சமாதானம் உண்டு. எல்லாருக்கும் பொதுவாம். பொதுவாகப் பாடுவது நமக்கென்ன புதிதா? அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது, சொல்லவும் கூடாது. ஆனால் பெயரை எடுத்தவர்கள் அந்த இடத்தைச் சும்மா விட்டுவைக்கவில்லை. நெய்தல் தலைவி ஏங்கினால் பக்கத்தில் புன்னை நிற்கிறது, நாரை நிற்கிறது, உமணரின் உப்பு வண்டி மணலில் கரகரத்துப் போகிறது, பொழுதும் சாயுங்காலமாக இருக்கிறது. அவள் யாரென்று தெரியாமலே இரண்டாயிரம் ஆண்டாக அவளுக்காக நாம் வருந்துகிறோம்.

சங்கக் கவிதையை எதற்கு இழுக்கிறீர்கள் என்றால், அவருடைய ஆசானிடமே போவோம். அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்தின் பாதிப்பைக் குஹாட் மறைப்பதில்லை. ஸ்மித் வாழ்ந்த ஊர் போர்ட்லாண்ட். 1997இல் வந்த அவருடைய 'ஐதர்/ஆர்' தொகுப்பில் 'அலமேடா' என்ற பாட்டு அந்த ஊர்த் தெருவின் பெயரைத் தாங்கியது. 'ரோஸ் பரேட்' அந்த ஊரின் ரோஜா ஊர்வலத்தைப் பற்றியது. போர்ட்லாண்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தெருவில் தனியாக நடப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது தெரியும். சீடர் குருவின் தணிந்த குரலை எடுத்துக்கொண்டார், விரல் வித்தையை எடுத்துக்கொண்டார், தெருவை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். ஜெய்ப்பூரில் பிறந்து, நியூயார்க்கில் படித்து, டெல்லியில் குடியேறியவர். இந்த மூன்று ஊர்களில் ஒன்றின் தூசாவது அவருடைய ஆங்கிலப் பாடல்களில் படிந்திருக்கிறதா? நான் ஒட்டகமும் அரண்மனையும் கேட்கவில்லை. அது சுற்றுலாத் துறை வேலை. ஒரு மாடிப்படி போதும். அணைக்க மறந்த ஒரு தண்ணீர் மோட்டார் போதும்.

வெளிநாட்டுக்குப் போக வேண்டுமென்றால் இப்படி வழித்துத் துடைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதும் பொய். அதே ஒபாமாவின் 2021 கோடைப் பட்டியலில் பாடகி அரூஜ் ஆஃப்தாபின் 'மொஹப்பத்' இருந்தது. அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. ஹஃபீஸ் ஹோஷியார்புரி எழுதி மெஹ்தி ஹசன் பாடிய உருது கஜல் அது. கஜலில் மட்டும் தெருவும் மாடிப்படியும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் நிற்கிறார்கள். கிட்டாரும் கையுமாகத் தனியே நிற்கும் ஓர் இளைஞரை அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம்தான். ஒபாமாவை முதலில் கூப்பிட்டது நானில்லை.

2022இல் வந்த குஹாட்டின் 'தி வே தட் லவர்ஸ் டூ' தொகுப்பு முழுக்க ஆங்கிலம். லூமினியர்ஸ் குழுவின் தயாரிப்பாளரை வைத்து சியாட்டில் பக்கத்து ஒலிக்கூடத்தில் பதிவு செய்தார்கள். ஒலி இன்னும் பளபளப்பாகிவிட்டது. எனக்கு அதில் கேட்டதெல்லாம் அந்த ஒலிக்கூடம்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணுகூடப் பிடிக்காதா?" என்றாள் தம்பி மகள். பிடிக்கும். 'கோ கயே ஹம் கஹான்'. ஜஸ்லீன் ராயல் இசையில் வரிகளை எழுதியவர் குஹாட், இருவரும் சேர்ந்து பாடினார்கள். அதில் தெருக்கள் உண்டு, கட்டடங்கள் உண்டு, பார்த்த இடத்தைச் சொல்லும் ஆசை உண்டு. 2016இல் 'பார் பார் தேக்கோ' படத்துக்காக எழுதியது.

"அது சினிமாப் பாட்டாச்சே பெரியப்பா" என்றாள்.