பட்டவர் துணையும் கடன்பட்டவர் துணையும்

ஃபூக்கோ 1961இல் பைத்தியம் பற்றி எழுதிய நூல் நம் சிறுபத்திரிகைகளில் பேசப்பட்ட அளவுக்கு ஏர்வாடி பேசப்படவில்லை என்பது என் கணிப்பு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கட்டி வைத்தது மனநல மருத்துவம் அல்ல. தர்காவின் மீதான நம்பிக்கையும் கைவிட்ட குடும்பமும் காப்பக வியாபாரமும்தான். மருத்துவ அதிகாரத்துக்கு வெளியே இருக்கிற இடமெல்லாம் விடுதலையின் இடம் என்று இதற்குப் பிறகும் எப்படி எழுதுவது?

நெருக்கடியில் இருப்பவரை மனநல வார்டில் பூட்டுவதற்குப் பதிலாக, அதே வலியைத் தாண்டி வந்தவர்கள் கூட இருப்பது என்கிற யோசனையை நான் ஆதரிக்கிறேன். 1971இல் லோரன் மோஷர் கலிபோர்னியாவில் தொடங்கிய சொட்டேரியா இல்லத்தில், தொழில்முறைப் பயிற்சி இல்லாதவர்களே மனச்சிதைவுக்கு ஆளானவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். வார்டுக்குள் அடைபட்டுத் திரும்பிய ஜூடி சேம்பர்லின் 1978இல் எழுதிய நூல் இதை ஓர் அரசியலாகவே முன்வைத்தது. கோபத்தில் பிறந்த அரசியல் அது. நம்ம ஊர்த் தொண்டு நிறுவன மொழிக்கு வரும்போது 'சகர் ஆதரவு' என்று பெயர் மாறி, கோபம் கழிந்து, சம்பளமில்லாத ஊழியம் மட்டும் மிஞ்சுகிறது.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. டாக்டர் இல்லாத கிராமம் என்ற கதையாடல் இங்கே செல்லாது. ஆனாலும் 2015இல் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள் என்று புதுச்சேரி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தேசிய விகிதம் 10.6. விஷம் குடித்தவளின் உயிரை ஆஸ்பத்திரி காப்பாற்றும், அந்த வேலையை எந்தத் தோழியும் செய்ய முடியாது. கேள்வி டிஸ்சார்ஜ் ஆன பிறகு வருவது. எந்த வீட்டில் குடித்தாளோ அதே வீட்டில்தான் அவளைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அங்கே முதலில் வந்து பார்ப்பது சுயஉதவிக் குழுப் பெண்கள். 'நம்ம குழு அக்காதானே, இருக்கட்டும்' என்று கஞ்சி கொண்டு வருவார்கள். ஒருத்தி வாங்கிய கடனுக்கு மற்றவர்களும் ஜவாப் என்பதால், தவணை தப்பினால் அவள் வாசலில் உட்காருவதும் அவர்கள்தான். பட்டவங்களுக்குப் பட்டவங்க துணை, சரி. கடன்பட்டவங்களுக்குக் கடன்பட்டவங்க துணையா, காவலா? சாதி இன்னும் கறாரானது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறோம். ஊருக்கு வந்த காய்ச்சலும் சேரிக்கு வந்த காய்ச்சலும் ஒன்றில்லை. 'சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லாடல் இதையெல்லாம் மூடி மறைக்கிறது.

சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகாவின் தன்னார்வலர்கள் எல்லாரும் பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுகிறவளுக்கு அவர்கள் அந்நியர்கள்; கேட்டது வெளியே போகாது. இந்த அந்நியத்தன்மையைத்தான் நம் கிராமத்து மாற்று கடன்வாங்க வேண்டும். இன்னொன்று, துணை என்றால் பேச்சுதான் என்றும் இல்லை. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியின் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கர் போன்ற பொதுப் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். தற்கொலைகள் குறைந்ததாக 2013இல் ஆய்வு வெளியானது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, நடுவில் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. அதன் 14ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தனக்கான பிரதிநிதியை நியமிக்கலாம். அது புருஷனாகவோ அண்ணனாகவோ இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தத் தாளில் எழுத அவளுக்கு வேறொரு பெயர் வேண்டும்: தாண்டி வந்தவள், வேறு குழுக்காரி, பக்கத்து ஊர்க்காரி. ராத்திரி பதினோரு மணிக்கு அவள் கிளம்பி வரணும்னா ஆட்டோ காசையும் மறுநாள் கூலியையும் யார் கொடுக்கிறது? நம் விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.