மூளைச்சாவு: 'வேண்டாம்' என்று சொன்ன வீட்டுக்கு என்ன ஆகிறது?

போன வாரம் டிவியில் 'சென்னையில் ஒரு நாள்' மறுபடியும் போட்டார்கள். 2013-இல் வந்த படம். 2011-இல் மலையாளத்தில் வந்த 'டிராஃபிக்'கின் ரீமேக். இரண்டுக்கும் விதை 2008 செப்டம்பரில் நடந்த சம்பவம். திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி அசோகன் - புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் சம்மதித்தார்கள். அவன் இதயத்தை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிஷத்தில் போலீஸ் கொண்டு சேர்த்தது. படத்தில் அது சென்னை - வேலூர் ஓட்டமாக நீண்டது.

விறுவிறுப்பான படம்தான், மறுக்கவில்லை. என் குறை வேறு. படத்தில் பெற்றோர் முதலில் மறுக்கிறார்கள், பிறகு சம்மதிக்கிறார்கள், வண்டி கிளம்புகிறது. கடைசிவரை மறுத்திருந்தால்? அந்த ஐசியுவில் அடுத்து என்ன நடந்திருக்கும்? த்ரில்லருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. ஆனால் நம் சட்டமும் பத்திரிகைகளும்கூட அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. முப்பது வயசுப் பையன், இரவில் பைக்கில் வரும்போது விழுந்தான். முதலில் சிதம்பரம், அங்கிருந்து வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் 'மூளைச்சாவு' என்றார்கள். உறுப்பு தானம் பற்றிக் கேட்டார்கள். "நெஞ்சு அடிச்சிக்கிட்டு இருக்கு, உடம்பு சூடா இருக்கு, எப்படிப்பா அறுக்கச் சொல்றது?" என்றார் அம்மா. அதன்பிறகு யாரும் அவர்களிடம் தெளிவாக எதுவும் பேசவில்லை. வென்டிலேட்டர் இன்னும் ஆறு நாள் ஓடியது. பில்லும் ஓடியது. நகையெல்லாம் அடகுக்குப் போனது. ஒன்பதாம் நாள் இதயமும் நின்றது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தமிழில் மூச்சுதானே உயிர். இதயத் துடிப்பைத் தொடங்கி வைப்பது இதயத்திலேயே இருக்கும் ஒரு முடிச்சு. ஆக்சிஜன் கிடைக்கும்வரை, மூளை போனபிறகும் அது கொஞ்ச காலம் துடிக்கும். தண்டுவட அனிச்சையால் விரல்கூட அசையலாம். அதனால்தான் பரிசோதனை அவ்வளவு கறார். நான்கு டாக்டர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது நெஞ்சு தானாக ஒருமுறையாவது எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். கோமாவில் இருப்பவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும். இங்கே எதுவும் இருக்காது.

இவ்வளவு செய்து உறுதிப்படுத்திய மரணம், சட்டத்தில் எங்கே இருக்கிறது தெரியுமா? 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டத்தில். 1969-இன் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் மூளை என்ற பேச்சையே எடுப்பதில்லை. உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதுதான் அதற்கு மரணம். ஆக, தானம் கொடுக்கிற வீட்டுப் பிள்ளை இறந்துவிட்டான். கொடுக்காத வீட்டுப் பிள்ளை, அதே நிலையில், இரண்டுங்கெட்டான். மெஷினை நிறுத்தினால் நாளைக்குக் கேஸ் வருமோ என்று டாக்டர் தயங்குகிறார். அதே தயக்கத்தை வீட்டார் 'காசு பறிக்கிறான்' என்று படிக்கிறார்கள்.

அப்படிப் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் சினிமாதான். 2002-இல் வந்த 'ரமணா'வில் பிணத்துக்கு வைத்தியம் பார்த்து பில் போடும் காட்சியை மறந்தவர் யார்? ஒரு படத்தில் டாக்டர் திருடன், இன்னொன்றில் தெய்வம். சட்டத்துக்குப் பயந்து பேசாமல் நிற்கிற டாக்டரை யாரும் எடுக்கவில்லை. ஐசியுவில் நான் பார்த்ததெல்லாம் அவரைத்தான்.

பத்திரிகைகள் இன்னும் மோசம். 'மூளைச்சாவு அடைந்த வாலிபர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்' என்று எழுதுகிறார்கள். ஒரு ஆள் எத்தனை தடவை சாவான்? உறுதிப்படுத்திய பிறகும் அந்த மெஷினை 'உயிர்காக்கும் கருவி' என்றே அழைக்கிறோம். எந்த உயிரை?

கேரளம் 2020 ஜனவரியில் வழிகாட்டுதல் கொண்டுவந்தது: தானம் உண்டோ இல்லையோ, மூளைச்சாவு மூளைச்சாவுதான். எனக்குச் சரியாகப் படுகிறது. முதலில் மரணத்தைச் சொல்லுங்கள். தானம் கேட்பது அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான், உறுப்புக்காகவே பையனைச் 'சாக' வைக்கிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது.

எதிர்வாதம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜஹாய் மெக்மேத் என்ற 13 வயதுச் சிறுமிக்கு 2013 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் மூளைச்சாவு என்றார்கள். குடும்பம் ஏற்கவில்லை. மத நம்பிக்கைக்கு விலக்கு தரும் சட்டம் உள்ள நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஜூன் வரை அவள் உடல் மெஷினோடு இருந்தது. அறிவிப்பை ஏற்காத குடும்பத்தை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நம் பக்கத்தில் பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், அவன் வந்து முகம் பார்க்கும்வரை ஓரிரு நாள் வைத்திருப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இறந்துவிட்டான் என்று தெரிந்து காத்திருப்பது வேறு. பிழைப்பான் என்று நம்பி வட்டிக்கு வாங்குவது வேறு. எங்கள் தெருப்பக்கம் நடந்தது இரண்டாவது.

வருஷம் திரும்பும்போது அவன் தம்பி என்னிடம் வந்தான். நான் இதையெல்லாம் படிக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, அண்ணன் செத்தது மூணாம் நாளா, ஒன்பதாம் நாளா? எந்தத் திதிக்குக் கொடுக்கணும்?"

மூணாம் நாள் என்று சொன்னேன். சர்ட்டிபிகேட்டில் இருந்த ஒன்பதாம் நாளைத்தான் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.