காரீயத்தின் தூய்மையும் கிராபீனின் தரமும்

இலங்கைக் காரீயத்தின் (கிராபைற்றின்) தூய்மையை மறுப்பாரில்லை. போகல, கஹட்டகஹச் சுரங்கங்களில் பாறைப் பிளவுகளை நிரப்பிக் கிடக்கும் இக்கனியத்தில் காபன் 95 முதல் 99 வீதம் வரை உண்டு. இந்த வகைக் காரீயத்தை வணிக அளவில் அகழும் நாடு வேறில்லை. சேனநாயக்க, கொத்தலாவல ஆகிய அரசியல் குடும்பங்களின் செல்வத்தில் அதற்குப் பெரும் பங்குண்டு. இன்று அதன்மேல் கட்டப்படும் வாதம் வேறு: மூலப்பொருள் சிறந்தது, ஆகவே அதிலிருந்து ஓரணுப் படையாகப் பிரிக்கும் நம் கிராபீனும் சிறந்தது, ஆகவே நாளைய இலத்திரனியலில் நமக்கு இடமுண்டு. முதல் ‘ஆகவே’ பாதி உண்மை. இரண்டாவது தருக்கமே அல்ல.

2008இல் தொடங்கிய ஸ்லின்டெக் என்னும் நனோதொழினுட்ப நிறுவனமும், நிதிக் குழுமமான எல்.ஓ.எல்.சி.யுடன் அது கூட்டாக நிறுவிய சிலோன் கிராபீன் டெக்னொலஜிஸும் காரீயத்திலிருந்து கிராபீன் ஒட்சைட்டையும் அதன் தாழ்த்திய வடிவத்தையும் ஆக்குகின்றன. இவ்வழியின் வழமையான முறை தெரிந்ததே: சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் பரமங்கனேற்றும் படைகளைப் பிரிக்கும், ஆனால் அறுகோண வலையையும் கிழிக்கும். பின்னர் தாழ்த்தினாலும் கிழிசல் முழுதாக மூடாது. தூய கனியம் சுத்திகரிப்புச் செலவைக் குறைக்கிறது. இது மெய்யான ஆதாயம். இறப்பர், பூச்சு, கொங்கிறீற்று ஆகியவற்றில் கலப்பதற்கு இத்தகைய கிராபீன் போதும். இலத்திரனின் ஓட்டமோ வலையின் ஒழுங்கைப் பொறுத்தது. காரீயத்தின் படையமைப்பை உயர்தர வகுப்பில் ஒழுங்காகப் படித்த வெள்ளவத்தை மாணவருக்கே இது விளங்கும். விளம்பரம் எழுதுவோருக்குத்தான் விளங்குவதில்லை.

இலத்திரனியலின் தரப்பில் நின்று பார்த்தால் கனியத்துக்கு அங்கே வேலையே இல்லை. தனிக் கிராபீனுக்குச் சக்தி இடைவெளி கிடையாது. அதனால் ஆளியாக அணைய மாட்டாது. 2024இல் இயற்பியலாளர் வால்டர் டி ஹீரின் குழு 0.6 இலத்திரன் வோல்ற்று இடைவெளியைப் பெற்றது சிலிக்கன் காபைட்டின் மேல் வளர்த்த படையில். 2019இல் எம்.ஐ.டி. 14,000க்கு மேற்பட்ட காபன் நனோகுழாய்த் திரான்சிற்றர்களால் முறைவழியாக்கி ஒன்றை அமைத்தது. இரண்டிலும் சுரங்கம் எங்கே?

ஆனால் இத்துறையில் நம் ஆளுமைகளுக்குக் குறைவில்லை. சறே பல்கலைக்கழகத்தின் ரவி சில்வாவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கெஹான் அமரதுங்கவும் இத்தீவின் மைந்தர். காபன் ஆய்வில் பெயர் பெற்றவர்கள். ஸ்லின்டெக்கின் வளர்ச்சியிலும் பங்காற்றியவர்கள். அமரதுங்க பங்கேற்ற 2001ஆம் ஆண்டின் ஆய்வு, தண்ணீருக்குள் இரண்டு காரீயக் கோல்களிடையே மின்வில் எழுப்பி, வெற்றிடக் கருவியில்லாமலே காபன் ‘வெங்காயங்களை’ ஆக்கிக் காட்டியது. வசதி குறைந்த ஆய்வுகூடத்துக்கு ஏற்ற இந்தச் சிக்கனத்தை நம் கிராபீன் பேச்சில் காண்பது அரிது.

ஸ்லின்டெக்கின் ஆகச்சிறந்த வேலை காபனில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யூரியாவை ஐதரொட்சி அப்பற்றைற்று நனோத்துணிக்கைகளோடு பிணைத்து, நைதரசன் வெளியேற்றத்தைப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக்கிய 2017ஆம் ஆண்டின் ஆய்வே அது. கூற்று தெளிவானது, அளவீடு உண்டு, வயலில் நெல்லோடு சோதித்தும் பார்த்தார்கள். கிராபீனிடமும் இதையே கேட்கிறேன். 2018இல் சிங்கப்பூரை மையமாகக் கொண்ட குழுவொன்று 60 உற்பத்தியாளரின் மாதிரிகளைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் மெய்யான கிராபீன் பத்து வீதத்துக்கும் குறைவு. நோய் உலகளாவியது என்பதால் நமக்கு விலக்கில்லை. வலையின் ஒழுங்கைக் காட்டும் இராமன் நிறமாலையும் படை எண்ணிக்கையும் ஒவ்வொரு தொகுதியோடும் வெளிவர வேண்டும்.

கலப்புப் பொருளென்ற அளவில் இம்முயற்சி தேறுகிறது. இலத்திரனியல் என்ற அளவில் எடைபோட இன்னும் எதுவும் தட்டில் வைக்கப்படவில்லை.