மேகத்தை அளவுகோலாக்கியவர்

சாலையில் விரையும் வண்டியின் வேகத்துக்குப் பின்னோடும் மரங்களும் வீடுகளும் சாட்சி. மேகமற்ற நீல வானில் பறக்கும் விமானத்துக்கோ அத்தகைய சாட்சி இல்லை. எத்துணை விரைந்தாலும் திரையில் அது ஆணியடித்தாற்போல் நிற்கும். இவ்வுண்மையைத் தொழிலாகவே கற்ற முதல் தலைமுறை ஒளிப்பதிவாளருள் ஒருவர் அமெரிக்கரான எல்மர் டையர் (1892–1970). விமானத்தில் அமர்ந்து பிற விமானங்களைப் படம்பிடிப்பதே ஹாலிவுட்டில் இவரது தனித்துறை. நடிகரையும் இயக்குநரையும் நாம் நினைவில் கொள்கிறோம். இவர் பெயரைத் தேடுவார் இல்லை.

ஹோவர்ட் ஹியூஸின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' 1927-இல் மௌனப் படமாகத் தொடங்கி, 1930-இல் பேசும் படமாக வெளிவந்தது. முதல் உலகப் போரின் வான்சமரே அதன் களம். அக்காட்சிகளை எடுத்த பலருள் டையரும் ஒருவர். மேகம் வேண்டிப் படக்குழு நாள்கணக்கில் காத்திருந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் தெளிந்த வானை விட்டு ஓக்லாந்துக்கே பெயர்ந்தது. அக்காத்திருப்பின் பயனைத் திரையில் காண்கிறோம். வெண்மேகத் திரளைக் கிழித்துக்கொண்டு விமானங்கள் வெளிப்படும்போது உயரமும் வேகமும் ஒருங்கே நமக்கு உறைக்கின்றன.

ஆயினும் அழகு என்று சொல்லிக் கடந்துவிட என்னால் இயலவில்லை. படப்பிடிப்பில் மூன்று விமானிகளும் ஒரு மெக்கானிக்கும் மாண்டனர். விமானத்தினுள் புகை எழுப்பும் வேலையிலிருந்தவர் அந்த மெக்கானிக்; விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார், இவர் பிழைக்கவில்லை. பழியை ஒளிப்பதிவாளர்மேல் சுமத்துவது நியாயமன்று. அவர்களும் அதே ஆபத்தில்தான் அமர்ந்திருந்தார்கள். என் குறை வேறு. அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வீழ்கிறவனின் முகம் தெரிவதில்லை. புகைக்கோடு ஒன்றே தெரிகிறது. இதே படத்தில், ஜெப்பலின் என்னும் ராட்சத வான்கப்பலின் பாரம் குறைக்க, அதன் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கீழே குதிக்கும் காட்சி உண்டு. அது ஸ்டுடியோவில் செட்டும் மாதிரிக் கப்பலும் கொண்டு எடுக்கப்பட்டது. எனினும் நெஞ்சை உலுக்குவது அதுதான்! மெய்யான வானம் தராத துயரத்தைப் பொய்யான வானம் தந்துவிடுகிறது.

டையரின் கலை கனிந்தது, என் மதிப்பில், 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' (1939) படத்தில். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கியது. மருத்துவ உதவிக்காகச் செங்குத்தான மலைமேட்டில் ஒரு விமானம் இறங்குகிறது. கேமராவும் உடன் வட்டமிடுகிறது. திரும்புகையில் மேட்டின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் சரிந்தே அது பறக்கத் தொடங்குகிறது. இங்கே மேகம் தேவைப்படவில்லை, பாறையே அளவுகோல். உள்ளே இருப்பவன் யார், எதற்காக வந்தான் என்பதையும் நாம் அறிவோம். ஆகவேதான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறோம்.

அதே ஹாக்ஸின் 'ஏர் ஃபோர்ஸ்' (1943) படத்துக்காக ஜேம்ஸ் வாங் ஹோ, சார்லஸ் மார்ஷல் ஆகியோருடன் டையரின் பெயரும் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிந்துரையில் இடம்பெற்றது. பரிசு அவர்களுக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு அது 'தி சாங் ஆஃப் பெர்னதெத்' படத்தின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் மில்லருக்குச் சென்றது. லூர்து குகைமுன் முழந்தாளிட்டு அண்ணாந்து நோக்கும் சிறுமியின் முகத்தைப் படம்பிடித்தவர் அவர்.