கோப்பும் காட்சியும்: ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ புதினமும் 2011ஆம் ஆண்டுத் திரைவடிவமும்

ஜான் லெ காரேயின் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என்னும் புதினம் 1974இல் வெளிவந்தது. பிரித்தானிய உளவுத்துறையின் உயர்மட்டத்தில் சோவியத்து ஒன்றியத்திற்காக ஒருவர் நெடுங்காலமாக மறைந்திருந்து பணிபுரிகிறார். அவரைக் கண்டறியும் பொறுப்பு, பணியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியிடம் ஒப்படைக்கப்படுகிறது. 1963இல் மாஸ்கோவிற்குத் தப்பிச் சென்ற கிம் ஃபில்பியின் துரோகமே இக்கதைக்கு வித்து என்பது பலரும் அறிந்ததே. லெ காரேயும் ஒரு காலத்தில் உளவுத்துறையில் பணியாற்றியவர். இப்புதினம் 1979இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஏழு பகுதிகள் கொண்ட தொடராக வந்தது. 2011இல் சுவீடன் நாட்டு இயக்குநர் டோமாஸ் ஆல்ஃபிரட்சன் இதனை 127 நிமிடத் திரைப்படமாக்கினார். தொடர், படம் ஆகிய இரண்டனுள் மூலத்திற்கு நெருக்கமானது எது என்னும் வினாவே திறனாய்வாளர்களிடையே பெரிதும் எழுந்துள்ளது. அவ்வினாவினும், புதினத்தில் உண்மை எவ்வழியே வெளிப்படுகிறது, படத்தில் எவ்வழியே வெளிப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

புதினம் அடிப்படையில் படிப்பைப் பற்றியது. ஸ்மைலி லண்டனின் சிறிய விடுதி ஒன்றில் இரவுதோறும் அமர்ந்து பழைய கோப்புகளைப் படிக்கிறார். பணிநீக்கம் செய்யப்பட்டோரைத் தேடிச் சென்று அவர்தம் நினைவுகளைக் கேட்கிறார். நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி முன்னரே நடந்து முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை சான்றுகளும் வாக்குமூலங்களுமே. பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடுவது மிகையாகாது. பணிக் குறிப்பேட்டில் ஓர் இரவிற்குரிய பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருப்பதே இங்குத் தலையாய சான்றாகிறது. இருப்பதைக் காட்டிலும் இல்லாததே பேசுகிறது.

படிப்பதைத் திரையில் காட்டுவது கடினம். ஆல்ஃபிரட்சன் அதற்கு மாற்றாகப் பார்ப்பதை எடுத்துக்கொண்டார். ஹொய்டெ வான் ஹொய்டெமாவின் ஒளிப்பதிவில் கண்ணாடிகளும் சன்னல்களும் கதவிடுக்குகளும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பார்வையாளரும் ஒற்றரைப் போலத் தொலைவிலிருந்தே நோக்க நேரிடுகிறது. கேரி ஓல்ட்மன் ஏற்ற ஸ்மைலி முதல் கால் மணி நேரத்திற்கும் மேலாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. புதினத்தில் இல்லாத கிறித்துமசு விருந்து ஒன்றைத் திரைக்கதை ஆசிரியர்களான பிரிஜெட் ஓ’கானரும் பீட்டர் ஸ்ட்ராகனும் புதிதாகப் படைத்துள்ளனர். தம் மனைவி ஆன், நண்பர் பில் ஹெய்டனுடன் இருப்பதை ஸ்மைலி அவ்விருந்தில்தான் சன்னல் வழியே காண்கிறார். புதினம் பல இடங்களில் சிதறவிட்ட செய்தியை ஒரே காட்சி தாங்குகிறது. மூலத்தில் இல்லை என்பதற்காக இதனைக் குறை கூறுதல் பொருந்தாது. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

இத்திறனுக்கு மற்றொரு சான்று கார்லாவைப் பற்றிய பகுதி. சோவியத்து உளவுத்தலைவராகப் பின்னர் உயரும் கார்லாவை ஸ்மைலி 1955இல் தில்லிச் சிறையில் சந்தித்ததாகப் புதினம் கூறுகிறது. கடும் வெப்பத்தில், உடல்நலம் குன்றிய நிலையில், தம் பக்கம் வந்துவிடுமாறு ஸ்மைலி அவரிடம் மன்றாடுகிறார். கார்லா வாய் திறக்கவே இல்லை. பேசியவர் ஸ்மைலி, தம் மனைவி மீதுள்ள பற்றை, அதாவது தம் வலுவின்மையை, அறியாமலே பகைவரிடம் ஒப்படைத்தவரும் அவரே. ஆன் பரிசளித்த சிகரெட் லைட்டரையும் கார்லா எடுத்துச் சென்றுவிடுகிறார். ஹெய்டன் பின்னர் ஆனுடன் உறவு கொண்டது கார்லாவின் ஆணையால்தான். ஸ்மைலி ஹெய்டனை ஐயுற்றால் அது கணவனின் பொறாமை எனத் தள்ளப்படும் என்பதே கார்லாவின் கணக்கு. 1979ஆம் ஆண்டுத் தொடர் இச்சந்திப்பைப் பின்னோக்குக் காட்சியாகக் காட்டியது. படமோ பின்னோக்கிச் செல்ல மறுக்கிறது. வெற்று நாற்காலி ஒன்றை நோக்கி, அதில் கார்லா அமர்ந்திருப்பது போல் ஓல்ட்மன் பேசுகிறார். கார்லாவின் முகமும் ஆனின் முகமும் படம் முழுவதும் காட்டப்படுவதே இல்லை. தொடரில் கார்லா ஒரு நடிகர். படத்தில் அவர் ஓர் அச்சம்.

ஆயினும் இச்சுருக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. ஐயத்திற்குரியோர் நால்வர்: அல்லைன், ஹெய்டன், பிளாண்ட், எஸ்டர்ஹேஸ். தொடரின் தொடக்கக் காட்சியில் இந்நால்வரும் ஒருவர்பின் ஒருவராகக் கூட்ட அறைக்குள் வந்து அமர்கின்றனர். இறுதியாக வரும் ஹெய்டன் தேநீர்க் கோப்பையின் மேல் சாசரை வைத்து மூடி எடுத்து வருகிறார். உரையாடலின் துணையின்றியே நான்கு மனிதர்கள் உருப்பெற்றுவிடுகின்றனர். படத்திலோ பிளாண்ட் பெயரளவிலேயே நிற்கிறார். சதுரங்கக் காய்களில் ஒட்டிய நிழற்படங்களாக இந்நால்வரை அறிமுகப்படுத்திய இயக்குநர், இறுதிவரை அவர்களைக் காய்களாகவே விட்டுவிட்டார். புகழ்பெற்ற நடிகரான காலின் ஃபர்த் ஹெய்டனாக வருவதால், துரோகி யார் என்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே புலப்பட்டுவிடவும் கூடும். ஐயுறுவதற்குரிய மனிதர்கள் இல்லாதபோது காட்டிக்கொடுத்தல் புதிரின் விடையாகச் சுருங்குகிறது. புதினத்தில் அது நட்பின் முறிவு.

இதனினும் பெரிய இழப்பு காரணத்தைப் பற்றியது. புதினத்தில் ஹெய்டன் தம் செயலுக்கு நீண்ட விளக்கம் தருகிறார். அமெரிக்காவின் மீதான வெறுப்பும், 1956இன் சூயஸ் நெருக்கடியோடு பிரித்தானியாவின் பெருமை வெறும் பாவனையாகிவிட்டது என்னும் கசப்பும் அதில் உள்ளன. பேரரசை ஆளப் பயிற்றுவிக்கப்பட்டு, ஆளப் பேரரசு இல்லாமற்போன ஒரு தலைமுறையின் வீழ்ச்சியே புதினத்தின் அடித்தளம். விடுதலை பெற்று எட்டு ஆண்டுகளே ஆன இந்தியாவின் சிறையில் ஸ்மைலி தோல்வியுறுவதும் இவ்வடித்தளத்தோடு இணைத்துக் காணத்தக்கது. (அங்கும் இந்தியர் எவரும் குறிப்பிடத்தக்க பாத்திரமாக இடம்பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், தில்லி லெ காரேயின் புதினத்தில் வெப்பமாகவும் சுவராகவுமே எஞ்சுகிறது.) படத்தில் ஹெய்டனின் விளக்கம் சில சொற்களில் முடிகிறது. மேற்குலகு அழகிழந்துவிட்டது என்னும் இரசனைக் காரணம் எஞ்ச, வரலாற்றுக் காரணம் நழுவிவிடுகிறது. பழுப்பும் சாம்பலுமான வண்ணங்களில் 1970களின் லண்டனை நுட்பமாக மீட்டெடுத்த படம், அக்காலத்தின் சுவரையும் நாற்காலியையும் காட்டிய அளவிற்கு அதன் மனத்தைக் காட்டவில்லை.

இவ்வேறுபாடு முடிவில் தெளிவாகத் தெரிகிறது. படத்தின் இறுதியில் பாடல் ஒலிக்க, ஸ்மைலி தலைமை இருக்கையில் சென்று அமர்கிறார். அரியணை ஏறியதொரு நிறைவு அதில் உண்டு. புதினம் தொடங்கியதும் முடிவதும் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில். முதுகில் குண்டடிபட்டுத் திரும்பிய ஒற்றர் ஜிம் பிரிடோ அங்கு ஆசிரியராக இருக்கிறார். தம்மைக் காட்டிக்கொடுத்தவர் ஆருயிர் நண்பர் ஹெய்டனே என்பதை அறிந்தவர் அவர். ஹெய்டன் கழுத்து முறிந்து இறந்துகிடந்தபோது, கொன்றவர் யாரென்று புதினம் வெளிப்படையாகக் கூறவில்லை. படம் துப்பாக்கியோடு பிரிடோவைக் காட்டிவிடுகிறது. புதினத்தின் இறுதிப் பக்கத்தில் ஸ்மைலி இல்லை. பிறர் பொருட்படுத்தாத மாணவன் பில் ரோச் மட்டும் இருக்கிறான். முன்னொரு நாள் பிரிடோவிடம் துப்பாக்கியைக் கண்டவன் அவன். அது கனவாகவே இருக்க வேண்டும் என இப்போது தன்னைத் தானே நம்பச் செய்துகொள்கிறான்.